பின்வண்டிக்காரர் கையில் சாவி

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி வரிசையில் நிற்கும் ஓட்டுநர், வண்டியை விட்டு எங்காவது போக வேண்டியிருந்தால், சாவியைத் தனக்குப் பின்னால் நிற்கும் வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார். முன்னால் நிற்பவரிடம் கொடுக்க மாட்டார். முதலில் இதைக் கவனித்தபோது எனக்குக் காரணம் விளங்கவில்லை. பிறகு ஓர் ஓட்டுநரே சொன்னார். முன்வண்டிக்காரர் நகர்ந்தால் போய்க்கொண்டே இருப்பார். அவருக்குப் பின்னால் இடைவெளி விழுந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. இடைவெளியில் வேறொரு லாரி புகுந்தால் வலிக்கப் போவது பின்வண்டிக்காரருக்கு. ஆகவே அவர் முன்வண்டியை நகர்த்துவார், இறங்கி நடந்து வந்து தன் வண்டியை நகர்த்துவார், மறுபடி நடப்பார். சாவி கொடுக்கிறவர் காரணம் சொல்வதில்லை. வாங்குகிறவர் கேட்பதில்லை, மறுப்பதும் இல்லை. திரும்பக் கொடுக்கும்போது, கொடுத்தவர் கையில்தான் கொடுப்பார். அவருடைய முதலாளியே வந்து நின்றாலும் சாவி கிடைக்காது.

எண்ணூர் விரைவுச் சாலையில், திருவொற்றியூர்ப் பக்கம், ஒரு தனியார் எடைமேடையில் எனக்கு வேலை. என் அறையின் ஜன்னல் லாரி ஓட்டுநரின் கதவு உயரத்துக்குக் கட்டப்பட்டது. ஒவ்வொரு வண்டிக்கும் நாள், கிழமை, நேரம், எடை நான்கையும் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். வரிசை எங்கள் வாசலை அடைத்து நிற்கும் நாட்களில் வண்டி உள்ளே வராது, வேலை இருக்காது. அப்படிப்பட்ட நாட்களில் வரிசையைப் பற்றியே எழுதத் தொடங்கினேன்: எத்தனை மணிக்கு நின்றது, எப்போது நகர்ந்தது, எத்தனை வண்டி நீளம் நகர்ந்தது. கூடவே ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்வதையும் எழுதினேன். துறைமுகங்களைப் பற்றிய பழைய ஆவணத் தொகுப்புகளும் பயணக் குறிப்புகளும் எனக்குப் பிடிக்கும், நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் சரக்கு இருக்கும், கப்பல் இருக்கும், காற்றின் திசைகூட இருக்கும். சரக்கைக் கொண்டுவந்த வண்டிக்காரர் எங்கே குளித்தார், வண்டியை யாரிடம் ஒப்படைத்துவிட்டுச் சாப்பிடப் போனார் என்பது எதிலும் இல்லை.

சாவி வழக்கம் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. என் முதல் நோட்டுகளில் அதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. தினமும் நடப்பதை யார் எழுதுவார்கள். வாரத்துக்கு ஒரு முறை என்று குறைந்த பிறகுதான் எழுதினேன். இப்போது பார்த்தால் அடிக்கோடு போடுகிறேன். காரணங்களில் இரகசியம் ஒன்றும் இல்லை. கம்பெனி வண்டிகளில் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தபடி ஒரு கேமரா வந்துவிட்டது; அவர் இருக்கையை விட்டு எழுந்தால் எங்கோ ஓர் அலுவலகத்தில் மணி அடிக்கிறது. வரிசையும் முன்போல நாட்கணக்கில் நிற்பதில்லை. நிற்காத வரிசையில் பின்னால் இருப்பவர் யார், எந்த ஊர் என்று தெரிந்துகொள்ள நேரம் இல்லை. தெரிந்துகொள்ள நினைத்தாலும், வெளிமாநில ஓட்டுநர்கள் பெருகிவிட்ட வரிசையில் பொதுமொழி இல்லை. வரிசை குறைந்தது நல்லதுதான். பிள்ளை பிறந்த செய்தியை வரிசையில் நின்றபடி கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே எழுத நினைப்பது ஆவணி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

அந்த ஓட்டுநருக்கு ஐம்பத்திரண்டு வயது. எங்கள் எடைமேடைக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குப்பத்தில்தான் அவர் வீடு. அண்ணன் தம்பிகள் எல்லோரும் படகுக்குப் போக, அவர் ஒருவர்தான் ஸ்டியரிங் பிடித்தவர். அலையில் தனக்கு வாந்தி வரும் என்பதை யாரிடமும் மறைத்ததில்லை. நாக்பூரிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு வந்தவரை, சனிக்கிழமை மாலை ஐந்து ஐம்பதுக்கு வரிசை அவருடைய வீட்டுக்கு எதிரிலேயே கொண்டுவந்து நிறுத்தியது. நிறுத்தியது நிறுத்தியதுதான், இரவு முழுக்க ஒரு வண்டி நீளம்கூட நகரவில்லை.

மறுநாள் காலை அவருடைய இளைய மகளுக்கு நிச்சயதார்த்தம். பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் தட்டு மாற்ற வேண்டும். பன்னிரண்டுக்கு எமகண்டம் தொடங்கிவிடும். வீட்டு வாசலில் போட்ட ஷாமியானா பந்தல் அவருடைய லாரியிலிருந்தே தெரிந்தது. ஒலிபெருக்கிப் பாட்டு எங்கள் எடைமேடை வரை கேட்டது. ஒன்பது மணிக்கு அவர் எங்கள் குழாயில் குளிக்க வந்தார்.

“பாத்தியா அண்ணாத்தே என் நெலமைய? என் பொண்ணு நிச்சயத்துக்குப் பாட்டு போட்டுகினு கீறாங்க, நான் ரோட்ல நின்னு கேட்டுகினு கீறேன்” என்றார்.

“எதிர்லதானே வூடு. நடந்தா நாலு நிமிஷம். போய்ட்டு வா.”

“நாலு நிமிஷம் போறதுக்கு. அங்க போய்ட்டா சும்மா வுட்ருவாங்களா? மாப்ள வூட்டுக்காரங்க காசிமேட்லேர்ந்து வரணும். ஒரு வேன் வந்துட்ச்சு, ஒரு வேன் வர்ல. அந்த வேன்ல தான் மாப்ளையோட அப்பாரு. அதுக்குள்ள வரிசை நகுந்துச்சுனா?”

“உன் மச்சான் கீறாரு இல்ல?”

தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் செம்பைக் கீழே வைத்தார்.

“அதான் பேஜாரே. போன தடவ மாத்துனது அவருதான்.”

அந்தக் கதை எனக்குத் தெரியும். நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் மூத்த மகளின் நிச்சயதார்த்தம் நடந்தபோது, அவர் குஜராத் பக்கம் ஒரு சோதனைச் சாவடியில் இரண்டு நாட்களாக நின்றுகொண்டிருந்தார். பெண்ணின் அப்பா இடத்தில் உட்கார்ந்து தட்டை மாற்றியது மனைவியின் அண்ணன். மூத்த மகள் அதற்காகச் சண்டை போடவில்லை. அழவும் இல்லை. அன்றிலிருந்து அப்பாவைக் கேட்க வேண்டியதையெல்லாம் மாமாவிடம் கேட்கத் தொடங்கினாள், அவ்வளவுதான். மருத்துவமனைக்குப் போக வேண்டுமா, மாமா. குழந்தைக்கு முடி இறக்க வேண்டுமா, மாமா. “நான் ஊர்ல இருந்தாக்கூட அவர்கிட்டதான் கேக்குது” என்று ஒரு முறை என் ஜன்னலில் கை வைத்துச் சொல்லியிருக்கிறார். சின்னவளும் அப்படி ஆகிவிடுவாளோ என்ற பயம் அவருக்கு. அன்றைக்கு நாக்பூர்ச் சரக்கு, கப்பல் எல்லாவற்றையும்விட அதுதான் பெரிதாக இருந்தது.

பத்து நாற்பதுக்கு அவர் பட்டு வேட்டியும் புதுச் சட்டையுமாக லாரியிலிருந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் நின்றது ஒரு கம்பெனி டிரெய்லர். அதன் ஓட்டுநர் ஒரிசாக்காரர். நாற்பது வயது இருக்கும், கழுத்தில் ஒரு சிவப்புத் துண்டு. இவர் அந்த ஜன்னலுக்கு எட்டிச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தார். தன் லாரியைக் கையால் காட்டினார், பந்தலைக் காட்டினார், கும்பிட்டார். ஒரிசாக்காரர் சாவியைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், சிரித்துத் தலையாட்டினார். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையைக் கடந்து போனார். நான் நேரத்தைக் குறித்து அடிக்கோடு போட்டேன்.

இதில் யார் தவறு என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். இவர் முப்பது ஆண்டுகளாகச் சாவியை வார்த்தை இல்லாமல் கொடுத்தும் வாங்கியும் பழகியவர். சாவி கைமாறினால் எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று நம்புகிறவர். அந்த மனிதரோ, ஒருவர் வீட்டு விசேஷத்துக்குப் போகிறார், முக்கியமான பொருளைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். சாவியைக் கொண்டுபோய் டாஷ்போர்டில் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். பத்திரம் என்று பார்த்தால் அதைவிடப் பத்திரமான இடம் அந்த வண்டியில் இல்லை.

பத்து ஐம்பத்தெட்டுக்கு வரிசை நகர்ந்தது.

முன்னால் மூன்று வண்டி நீளத்துக்கு இடம் திறந்தது. ஒரிசாக்காரர் காத்திருந்தார். பின்னாலிருந்து ஹாரன்கள் தொடங்கின. அவர் என்னைப் பார்த்துக் கை அசைத்து, சாவியை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். நான் ஓடிப் போய் வாங்கினேன். ‘நீங்கள்தான் ஓட்ட வேண்டும்’ என்று சைகையில் சொன்னேன். அவர் தலைக்கு மேலிருந்த கேமராவைக் காட்டினார், இருக்கையைத் தட்டினார், கையை அசைத்தார். “நஹீ, பாபு. கேமரா.”

இந்த வழக்கத்தைப் பற்றி அரை நோட்டு எழுதியவன் கையில் சாவி வந்துவிட்டது. எனக்கு ஓட்டத் தெரிந்தது சைக்கிள் மட்டும்.

ஒரிசாக்காரருக்கும் பின்னால் நின்ற மூன்றாவது வண்டியின் ஓட்டுநர் இறங்கி வந்தார். தண்டையார்பேட்டைக்காரர். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடையது பழைய சொந்த லாரி, கேமரா கிடையாது.

“இன்னாபா இது? முன்னாடி மைதானம் மாரி கீது, இங்க சாவிய வச்சு வெள்ளாடிகினு கீறீங்க. டிரைவர் எங்க?”

சொன்னேன்.

“நிச்சயமா? பெரிசுக்குதான் ஆய்ட்ச்சே.”

“இது சின்னது.”

“அத மொதல்ல சொல்றதுக்கு இன்னா” என்று சாவியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். போகிற போக்கில் ஒரிசாக்காரரை அண்ணாந்து பார்த்தார். “நைனா, சாவி வாங்குனா வண்டிய எடுக்கணும். சாமிக்குப் படைக்கக் கூடாது.”

“கேமரா” என்றார் அவர் மறுபடி.

“கேமராவா? கல்யாண வூட்டு போட்டோக்காரன்கூட அப்பப்ப தல திருப்புவான்யா.”

வழக்கப்படி பாய்க்கு இதில் கடமை எதுவும் இல்லை. அவர் பின்வண்டிக்காரர் அல்ல, பின்வண்டிக்கும் பின்வண்டிக்காரர். இருந்தாலும் முதல் வண்டியில் ஏறி அதை நகர்த்தினார். நிறுத்திவிட்டு, இரண்டாவது வண்டியைத் தாண்டி நடந்து வந்து, தன் வண்டியை எடுத்தார். அடுத்த முறை வரிசை நகர்ந்தபோது மறுபடி முன்னால் நடந்தார். ஒரு டிரெய்லரின் நீளம் என் அறையிலிருந்து பார்க்கும்போது பெரிதாகத் தெரியாது. ஆவணி வெயிலில் அதை எட்டுப் பத்து முறை நடப்பவரின் கூடவே நடந்தால் தெரியும். பகல் காவலரிடம் அறையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன். எனக்கு வேறு உபயோகம் இல்லை என்பதால் பாயின் தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

“இந்த நடைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தா நன்மையாச்சும் எழுதுவாங்க” என்றார் பாய்.

“இதையும் எழுதுவாங்க.”

“யாரு, நீயா? நீ எழுதி எனக்கு இன்னா ஆவப் போவுது.”

பக்கத்துத் தடத்தில் இரண்டு டிரெய்லர்கள் எங்கே இடம் கிடைக்கும் என்று எங்களையே பார்த்தபடி ஊர்ந்துகொண்டிருந்தன. பாய் முன்வண்டியை நகர்த்திவிட்டு நடந்து வரும் அந்த ஒரு நிமிடம் அவற்றுக்குப் போதும். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, ஒரிசாக்காரர் ஒரு காரியம் செய்தார். முன்வண்டி போனதும் அதை ஒட்டிப் போய் நிற்காமல், பாயின் வண்டிக்குப் பக்கத்திலேயே தங்கி, தன் வண்டியின் மூக்கைப் பக்கத்துத் தடத்துக்குள் சாய்த்து நிறுத்தினார். அந்த டிரெய்லர்கள் ஹாரன் அடித்தன. அவர் கேமராவைப் பார்த்தபடி, நல்ல பிள்ளையாக, இருக்கையில் உட்கார்ந்திருந்தார். பாய் நடந்து வந்து தன் வண்டியில் ஏறும்வரை மூக்கை நேராக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படியே செய்தார்.

பாய் அதைக் கவனித்தார். “பாத்தியா மாமு? சீட்ட வுட்டு எந்திரிக்க மாட்டான். ஆனா மூஞ்ச திருப்பிகினு நிக்கிறான். ஒரு ஈ பூர முடியாது.” அதற்குப் பிறகு அவர் ஒரிசாக்காரரைத் தாண்டும்போது திட்டவில்லை.

என் நோட்டுக் கணக்கில் ஞாயிற்றுக்கிழமை வரிசை மிக மெதுவானது. அன்றைக்கு அப்படி இல்லை. எங்கள் எடைமேடைக்குத் தெற்கே, நடந்தால் பத்து நிமிடத் தொலைவில், துறைமுகத்துக்குப் போகும் வண்டிகளைச் சரிபார்க்கும் சாவடி ஒன்று அப்போது இருந்தது. வழக்கமாக ஒருவர்தான் காகிதம் பார்ப்பார். அன்று இரண்டு பேர். மணிக்கணக்கில் நின்ற வரிசை, நாங்கள் நிற்காதா என்று நினைத்த நாளில், ஓடத் தொடங்கியது. சாவடியில் ஓட்டுநரின் முகத்தையும் பாஸில் இருக்கும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஓட்டுநர் இல்லாத வண்டி வந்தால் யு டர்ன் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறுபடி எர்ணாவூர்ப் பக்கம் வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். சாவடிக்கு முன்னால் கொஞ்ச தூரம் இருபுறமும் கான்கிரீட் கட்டைகள் வைத்து ஒற்றைத் தடமாக்கியிருந்தார்கள். அதற்குள் நுழைந்தால் யாரும் யாரையும் முந்த முடியாது.

பதினொன்று முப்பத்தைந்துக்கு எங்கள் மூன்று வண்டிகளும் கட்டைகளுக்குள் நுழைந்துவிட்டன. இரண்டு நிமிடம் கழித்து என் கைப்பேசி ஒலித்தது. பெண்ணின் அப்பா.

“அண்ணாத்தே, வரிசை நகருதா?”

“தட்டு மாத்தியாச்சா?”

“எங்க? அந்த ரெண்டாவது வேன் இப்பத்தான் தேரடி தாண்டி வந்துகினு கீதாம். இன்னொரு கால் மணி ஆவும். நான் வந்துரட்டா? நீ ஒரு வார்த்த சொல்லு, வந்துர்றேன்.”

எனக்கு முன்னால் அவருடைய லாரி நின்றது. அதற்கு முன்னால் சாவடி வரை ஏழு வண்டிகள்.

“நகரல. நின்ன எடத்துலயே கீது. நீ அங்க ஆவறதப் பாரு” என்றேன்.

மூன்று வண்டி தாண்டியதும் பாய் கீழே இறங்கி என்னிடம் வந்தார். “அவன் எங்க வந்துகினு கீறான்? போன் பண்ணானே.”

சொல்ல வேண்டியிருந்தது.

பாய் சாவடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “நகரலன்னு சொன்னியா?”

“ஆமா.”

“எந்நேரமும் புஸ்தகமும் கையுமா இருக்கிறவன் நீ. நான் சொல்லியிருந்தா ஞாயம்.” வண்டியின் படியில் உட்கார்ந்தார். “இப்ப கூப்ட்டு வரச்சொல்லு.”

“மாப்ளையோட அப்பா இன்னும் வந்து எறங்கல பாய். இப்ப இவர் எந்திரிச்சு வந்தா மச்சான்தான் தட்டுல கை வைப்பாரு.”

பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பன்னண்டுக்கு எமகண்டம் வேற” என்றார்.

முன்னால் இன்னும் இரண்டு வண்டி நகர்ந்தது. எங்களுக்கும் சாவடிக்கும் நடுவில் இரண்டே வண்டிகள். உள்ளே போனால் திருப்பி அனுப்புவார்கள். போகாமல் நின்றால், காரணம் இல்லாமல் ஒற்றைத் தடத்தில் நிற்க விட மாட்டார்கள். பின்னால் ஹாரன் தொடங்கிவிட்டது.

அப்போது ஒரிசாக்காரரின் வண்டி அணைந்தது. கதவு திறந்தது. காலையிலிருந்து முதல் முறையாக அவர் தரையில் இறங்கினார். கட்டைகளைத் தாண்டிச் சாலையோரம் நின்ற பூவரச மரத்துக்குப் போனார். கை நீளத்துக்கு இலையோடு ஒரு கிளையை ஒடித்தார். அதைக் கொண்டுவந்து எங்கள் முதல் வண்டியின் பின்பக்கம், கண்டெய்னர் கதவின் கம்பியில் செருகினார். ஓர் அடி பின்னால் போய் நின்று பார்த்தார். பிறகு தன் இருக்கைக்குத் திரும்பிவிட்டார்.

இதற்கு எந்த மொழியிலும் விளக்கம் வேண்டாம். லாரியின் பின்னால் பச்சைக் கிளை செருகியிருந்தால் அந்த வண்டி பழுதாகி நிற்கிறது என்று பொருள். எங்கள் சாலையிலும் அதே பொருள், அவர் ஊர்ச் சாலையிலும் அதே பொருள். ஹாரன் சத்தம் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக நின்றது. கிளையைப் பார்த்து யாரும் ஹாரன் அடிப்பதில்லை.

உடனே ஒரிசாக்காரரின் கைப்பேசி ஒலித்தது. கம்பெனி அலுவலகமாக இருக்க வேண்டும். அவர் நிதானமாகப் பேசினார். பேசிக்கொண்டே கைப்பேசியைத் திருப்பிக் கண்ணாடி வழியாகக் கிளையைக் காட்டினார். பாய்க்கு அரைகுறை இந்தி தெரியும்.

“முன்னாடி வண்டி கெட்டுப்போச்சு, வழி இல்லன்றான். கேமராவுக்கே படம் காட்றான் பாரு. நான்தான் இந்த ஆள தப்பா நெனச்சுட்டேன்.” பாய் எழுந்தார். “சரி, கெட்டுப்போன வண்டிக்கு மெக்கானிக் வேணும் இல்ல?” தன் வண்டியிலிருந்து ஸ்பேனர் எடுத்து வந்து முதல் வண்டியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார்.

சாவடியிலிருந்து ஒருவர் வந்தார். “என்னய்யா ஆச்சு?”

“ஏர் எறங்கிச்சு சார். பிரேக் புட்ச்சிகிச்சு. ஏர் ஏறணும். கொஞ்சம் டைம் குடு சார்.”

“டிரைவர் நீயா?”

“நான் பின்வண்டி சார். ஒதவிக்கு வந்தேன். அவரு தோ வந்துருவாரு.”

அவர் கிளையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

சமாளிக்கக் கஷ்டமாக இருந்தது அவரை அல்ல, உதவிக்கு வந்தவர்களை. இந்த வழக்கமெல்லாம் போய்விட்டது என்று எழுதிக்கொண்டிருந்தவன் நான். கிளையைப் பார்த்ததும் பின்னாலிருந்து ஓட்டுநர்கள் இரண்டிரண்டு பேராக வந்தார்கள். ஒருவர் தண்ணீர் வேண்டுமா என்றார். நாமக்கல் பக்கத்துக்காரர் ஒருவர் காற்றுக் குழாய்த் துண்டு ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

“எங்கிட்ட ஸ்பேர் ஹோஸ் இருக்குதுங்க. எங்க ஒழுகுதுன்னு பாத்தீங்களா?” என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். ஒவ்வொரு இணைப்பாகக் காது வைத்துக் கேட்டார். வெளியே தலையை நீட்டிப் பாயைப் பார்த்தார். “ஏர் எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது.”

பாய் அவர் காதுக்கருகே குனிந்து விஷயத்தைச் சொன்னார்.

நாமக்கல்காரர் மல்லாந்தபடியே கேட்டார். “முகூர்த்தம் எத்தனை மணிக்குங்க?”

“பன்னண்டுக்குள்ள.”

“சரிங்க” என்று தலையை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார். அடுத்து யாரோ வந்து கேட்டபோது, அடியிலிருந்து அவர் குரல்தான் வந்தது: “பாத்துக்கிட்டேதானுங்க இருக்கறேன், இன்னும் சிக்கல.”

வரிசை பதினொன்று நாற்பத்தேழிலிருந்து பன்னிரண்டு எட்டு வரை நின்றது, இருபத்தொரு நிமிடங்கள். எங்களுக்குப் பின்னால் எர்ணாவூர் வரை நின்றவர்கள் அனைவரும் அந்த இருபத்தொரு நிமிடத்தை இழந்தார்கள். அவர்களில் யாருக்காவது வேறொரு வீட்டில் வேறொரு தட்டு காத்திருந்திருக்கலாம். நான் போய் விசாரிக்கவில்லை.

பன்னிரண்டு எட்டுக்கு ஒரு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அவர் வந்து சேர்ந்தார். நெற்றியில் சந்தனமும் குங்குமமும். பாய் எழுந்து சாவியை அவர் கையில் வைத்தார். ஒரிசாக்காரர் இறங்கிவந்து, தான் செருகிய கிளையைத் தானே உருவி, கட்டைகளுக்கு அப்பால் போட்டார். நாமக்கல்காரர் முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டு, பெண்ணின் அப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தன் வண்டிக்கு நடந்தார். அது யாரென்று தெரியாமலே இவரும் பதிலுக்குக் கும்பிட்டார்.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் என்னைப் பார்த்தார்.

“நகரலன்னு சொன்னியே அண்ணாத்தே.”

“ஆமா, சொன்னேன்.”

“பந்தல்ல நின்னா ரோடு தெரியாதா? உனுக்குப் போன் போடச்சொல்லோ எதிர்ல என் வண்டி இல்ல. அந்த எடத்துல சிமெண்ட் லாரி நின்னுகினு இருந்துச்சு.”

“அப்ப ஏன் வரல?”

“வரத்தான் செருப்பு மாட்னேன். நீ நகரலன்ன. சரி, நகரலன்னே வச்சுக்கலாம்னு கயட்டிட்டேன்.” சாவியைத் திருகினார். “அம்பத்தி மூணுக்கு மாத்தியாச்சு. நான்தான் மாத்துனேன்.”

சாவடியிலிருந்து விசில் கேட்டது. வண்டி நகர்ந்தது. அதிகாரி பாஸைப் பார்த்தார், சந்தனம் வழியும் முகத்தைப் பார்த்தார், கையை அசைத்தார். அடுத்து ஒரிசாக்காரர், அவருக்குப் பின்னால் பாய். பாய் மட்டும் போகும்போது என் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நான் வடக்கே திரும்பி நடந்தேன். வழியில் நின்ற ஓட்டுநர்கள் ஜன்னலிலிருந்து கேட்டார்கள்: “சரியாச்சா?” ஒவ்வொருவருக்கும் “ஆச்சு” என்றேன். நல்ல சேதி என்று நினைத்துச் சிலர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பந்தல் வாசலில் என்னைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்து இலை போட்டார்கள். சின்னவள் கையில் புது மோதிரத்தோடு அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்தாள். பந்தியின் கடைசியில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூத்த மகள் ஒரு பெரிய டிபன் கேரியரில் சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வந்தாள்.

“அங்கிள், அப்பா கேட்டுக்குள்ள போய்ட்டாரா?”

“சாவடி தாண்டிட்டாரும்மா. சாயந்திரம் வந்துருவாரு.”

அவள் திரும்பிப் போனாள். கேரியரின் மேல் தட்டில் நான்கு வடைகள் இருந்தன. அவளுடைய மாமா பேச்சுவாக்கில் அதில் ஒன்றை எடுக்கக் கையை நீட்டினார்.

“வுடு மாமா” என்று மூடியைப் போட்டாள். “அது அப்பாவுக்கு.”